சிறிய சொகுசு எஸ்யூவியைத் தார் போடாத சாலையில் ஓட்டுவது எப்படி: டயர், காற்று, வேகம்

ஆஸ்திரேலியாவில் நகரத்தை விட்டுச் சில மணி நேரம் வெளியே சென்றால் தார்ச்சாலை முடிந்து, சரளைக்கல் பரப்பிய கிராவல் சாலை தொடங்கும் இடங்கள் நிறைய உண்டு. மிட்டகாங் வழியாக வொம்பியன் குகைகளுக்குப் போகிறவர்கள், மில்டுராவிலிருந்து முங்கோ தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் பிராச்சீனா பள்ளத்தாக்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் எல்லோருமே ஒரு கட்டத்தில் அந்தச் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். இப்படிப் பயணம் போகும் நம்மவர்களில் பலரிடம் இன்று ஆடி க்யூ3, பிஎம்டபிள்யூ எக்ஸ்1, மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்ஏ, வால்வோ எக்ஸ்சி40, ரேஞ்ச் ரோவர் இவோக் போன்ற சிறிய சொகுசு எஸ்யூவிகள் இருக்கின்றன. இவை கிராவல் சாலைக்கு லாயக்கற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். முறையாகத் தயார்செய்து நிதானமாக ஓட்டினால் மேலே சொன்ன சாலைகளில், அவை நல்ல நிலையில் இருக்கும் நாட்களில், இவற்றை ஓட்டிச் செல்ல முடியும். ஆனால் தார்ச்சாலையில் ஓட்டிப் பழகிய அதே கையோடு ஓட்டினால் டயர் கிழியும், அல்லது வளைவில் வண்டி கைமீறிப் போகும்.

இரண்டு செய்திகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை வண்டியில் கரடுமுரடான சாலையின் சொகுசைத் தீர்மானிப்பது முதலில் டயர், அடுத்து வேகம், அதற்குப் பிறகுதான் சஸ்பென்ஷன், அதாவது வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். இன்னொன்று, இந்த வண்டிகளின் உட்புறம் மிகவும் அமைதியாக இருப்பதால் கீழே சக்கரங்கள் படும் பாடு ஓட்டுநரின் காதுக்கும் கைக்கும் சரியாக வந்து சேர்வதில்லை. ஆகவே வண்டி சுகமாகப் போகிறது என்பதை வைத்து டயருக்குப் பிடிப்பு இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. கீழே வரும் அறிவுரைகள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து பிறந்தவையே.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது

ஒரே மாடலை 18 அங்குலச் சக்கரத்துடன் வாங்குவதற்கும் 20 அங்குலச் சக்கரத்துடன் வாங்குவதற்கும் கிராவல் சாலையில் உள்ள வேறுபாடு, ஒரு நிறுவனத்தின் வண்டிக்கும் இன்னொரு நிறுவனத்தின் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். இரண்டாம் தலைமுறை ஆடி க்யூ3ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 18 அங்குலச் சக்கரத்துக்கான டயர் 235/55 ஆர்18. முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பதைச் சொல்கிறது. கணக்கிட்டால் 129 மி.மீ. வருகிறது. 19 அங்குலத்துக்கான 235/50 டயரில் இது 117 மி.மீ.; 20 அங்குலத்துக்கான 255/40 டயரிலோ வெறும் 102 மி.மீ. தரையிலிருக்கும் கல்லுக்கும் அலாய் ரிம்முக்கும் நடுவே உள்ள ரப்பரும் காற்றும் இவ்வளவுதான். ஒரு கூரிய கல்லின் மீது ஏறும்போது டயர் அந்தக் கல்லைச் சுற்றி வளைந்துகொடுத்துவிட்டால் ஸ்பிரிங்குக்கு வேலையே வராது. வளைந்துகொடுக்க இடமில்லாதபோது அடி முழுவதும் ரிம்முக்குப் போய், அங்கிருந்து சஸ்பென்ஷன் புஷ்களின் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறைகளின்) வழியே உங்கள் முதுகுக்கு வருகிறது. பெரிய அலாய் பொதுவாக எடையும் கூடுதலாக இருக்கும். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால், சக்கரம் ஒருமுறை மேலே எழும்பிய பின் அதைக் கீழே இறக்கித் தரையோடு வைக்க ஷாக் அப்சார்பர் இன்னும் அதிகம் போராட வேண்டியிருக்கிறது.

ஷோரூமில் 20 அங்குலச் சக்கரம் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். கிராவல் சாலையில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் செல்கிறவரும் 18 அங்குலத்தையே கேட்டு வாங்கலாம் என்பது என் கருத்து, ஏனெனில் நகரத்தின் உடைந்த சாலைகளிலும் அதே நன்மை தினமும் கிடைக்கும். ஸ்போர்ட் தோற்றத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றோடு வேறு என்ன வருகிறது என்று விவரப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சில தொகுப்புகள் வண்டியைத் தாழ்த்தவும் செய்கின்றன. எடுத்துக்காட்டாக, இப்போதைய பிஎம்டபிள்யூ எக்ஸ்1இன் அடாப்டிவ் எம் சஸ்பென்ஷன் வண்டியை 15 மி.மீ. கீழே இறக்கிவிடுகிறது.

டிரைவ் மோட் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கம்ஃபர்ட் என்ற பொத்தானை அழுத்தினால் சஸ்பென்ஷன் மிருதுவாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் பலர். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள ஷாக் அப்சார்பர் பொருத்தப்பட்ட வண்டியில் மட்டுமே அது நடக்கும். அப்படிப் பொருத்தப்படாத வண்டியில் அந்தப் பொத்தான் ஸ்டீயரிங்கின் கனத்தையும் ஆக்ஸிலரேட்டரின் வேகத்தையும் கியர் மாறும் விதத்தையும் மாற்றுமே தவிர, குலுங்கலை ஒரு துளியும் குறைக்காது. உங்கள் வண்டி இந்த இரண்டில் எந்த வகை என்பதை வாங்கும் முன்பே விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு விற்பனையாளர்கள் பெரும்பாலும் வழவழப்பான சாலையிலேயே அழைத்துச் செல்வார்கள். தார் பெயர்ந்த ஒரு சந்தும், ஒரு ரயில்வே கேட்டும், ஒரு வேகத்தடையும் உள்ள வழியாகப் போக வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். வேகத்தடையின் மீது இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறும். அதில் வண்டி இறங்கிய பிறகு ஒரே அசைவில் நின்றுவிடுகிறதா, இன்னும் இரண்டு முறை ஆடுகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமானது, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது என்ன நடக்கிறது என்பது. உயரமான வண்டி வளைவில் சாயாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இவற்றில் இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரைச் சற்று விறைப்பாக வைப்பது வழக்கம். அந்த விறைப்பு மிகுந்தால், இடது சக்கரம் பள்ளத்தில் விழும்போது வலது பக்கமும் சேர்ந்து இழுபட்டு, உள்ளே இருப்பவர்களின் தலை பக்கவாட்டில் வெட்டி ஆடும். பின்னிருக்கையில் அமர்ந்துதான் இதைச் சரியாக உணர முடியும். ஆகவே பாதி தூரம் வீட்டில் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள்; குழந்தைகளும் பெரியவர்களும் அங்கேதான் நெடுந்தூரம் உட்காரப் போகிறார்கள்.

இந்த வண்டிகளின் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய 2.68 மீட்டரிலிருந்து 2.73 மீட்டர் வரைதான். நீளமான பெரிய எஸ்யூவி நிதானமாகக் கடக்கும் ஒரு மேட்டில் இவை முன்னும் பின்னும் சற்றுத் தூக்கிப் போடும் என்பதை எதிர்பார்த்தே ஓட்ட வேண்டும். சிலவற்றில் தரை இடைவெளி, அதாவது வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள உயரம், போதிய அளவு இருப்பது ஆறுதல்: எக்ஸ்சி40இன் பெட்ரோல் வகைக்கு 211 மி.மீ., இரண்டாம் தலைமுறை இவோக்குக்கு 212 மி.மீ. எல்லா வண்டிகளுக்கும் இவ்வளவு இருக்காது. பேட்டரியைத் தரைக்கு அடியில் சுமக்கும் மின்சார வகைகளில் இடைவெளி குறைவாகவும், எடை கூடுதலாகவும், அந்த எடையைத் தாங்க ஸ்பிரிங் விறைப்பாகவும் இருப்பதுண்டு. அவற்றைத் தனியாக ஓட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

புறப்படும் முன்

முதலில் பின்புறத் தரைப்பலகையைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை வண்டிகளில் பலவற்றுக்கு முழு அளவு ஸ்டெப்னி கிடையாது. மெலிந்த தற்காலிகச் சக்கரமோ, ஓட்டையை அடைக்கும் திரவமும் சிறு பம்பும் கொண்ட பையோதான் இருக்கும். சிலவற்றில் காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய ரன் ஃபிளாட் டயர் இருக்கும். ஆணி குத்திய சிறு துளையை அந்தத் திரவம் அடைக்கும். கல் கிழித்த பக்கச்சுவரை அடைக்காது. கிராவல் சாலையில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகைச் சேதம். ரன் ஃபிளாட் டயர் காற்றில்லாமல் மணிக்கு 80 கி.மீ. வேகத்தை மீறாமல் சுமார் 80 கி.மீ. வரை ஓடும் என்பது பொதுவான வரையறை. அது தார்ச்சாலைக் கணக்கு. டயர் கடை 200 கி.மீ. தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு அது போதாது. போதாக்குறைக்கு அதன் பக்கச்சுவர் கெட்டியாக இருப்பதால் குலுங்கலும் கூடும். தார் போடாத சாலையில் அடிக்கடி போகும் எண்ணம் இருந்தால், உங்கள் மாடலுக்கு முழு அளவு ஐந்தாவது சக்கரம் ஒன்றை வாங்கி, அந்தப் பயணத்துக்கு மட்டுமாவது பின்னால் கட்டி எடுத்துச் செல்லுங்கள். லக்கேஜ் இடம் குறையும் என்பது உண்மை. நடுவழியில் நிற்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பல்ல.

அடுத்தது காற்று. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பட்டையில் உள்ள அளவு தார்ச்சாலைக்கானது. கிராவல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, அதில் ஏறக்குறைய 20 சதவீதத்தைக் குறைப்பது நல்ல தொடக்கம். 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) என்று இருந்தால் 28க்குக் கொண்டுவரலாம். டயர் தரையில் படும் பரப்பு கூடும், கூரிய கல்லைச் சுற்றி ரப்பர் வளையும், உள்ளே வரும் அதிர்வு உடனே குறைந்திருப்பது முதல் கிலோமீட்டரிலேயே தெரியும். இதற்கு ஒரு விலையும் உண்டு. காற்றைக் குறைத்த டயர் ஓட ஓட அதிகம் சூடாகும், ஆகவே வேகத்தையும் குறைத்தே ஆக வேண்டும். மணிக்கு 80 கி.மீ. என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். உயரம் குறைந்த டயரில் காற்றை மிகவும் இறக்கினால் ரிம் தரையைத் தொட்டு நசுங்கும். எனவே 20 அங்குலச் சக்கரம் வைத்திருப்பவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் குறைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. ரன் ஃபிளாட் டயரில் காற்றைக் குறைக்க வேண்டாம். அதன் கெட்டியான சுவரால் பெரிய பலனும் கிடைக்காது. காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். புதிய அளவைத் திரை வழியே வண்டிக்குப் பதிவு செய்துவிட்டால், பின்னர் உண்மையாகவே டயர் இறங்கும்போது அந்த விளக்கு உங்களுக்குப் பயன்படும்.

நீங்கள் குறைத்த அளவு சரியா என்று சோதிக்க ஆஸ்திரேலிய ஓட்டுநர்களிடையே ஒரு எளிய வழி உண்டு. குளிர்ந்த டயரில் அளந்த காற்றை, கிராவலில் சுமார் 20 நிமிடம் ஓடிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். 4 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடியிருந்தால் சரி. அதைவிட அதிகம் கூடியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. காற்று போதவில்லை, அல்லது வேகமும் சுமையும் அதிகம். மிகக் குறைவாகவே கூடியிருந்தால் இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கலாம். இதற்கு நல்ல அளவுமானி ஒன்றும், 12 வோல்ட்டில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் வேண்டும். தார்ச்சாலை திரும்ப வந்ததும் பழைய அளவுக்கு நிரப்பாமல் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.

வண்டி வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது என்ற விதி இங்குள்ள வாடகை ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கிறது.

அலைவரிகளின் மீது

கிராவல் சாலையில் உடலையும் வண்டியையும் அதிகம் வாட்டுவது குழிகள் அல்ல. தகரக் கூரையின் நெளிவைத் தரையில் விரித்ததுபோல், சாலையின் குறுக்கே வரிசையாக எழும்பியிருக்கும் அலைவரிகள்தான். இவை ஏன் உண்டாகின்றன என்பது தெரிந்தால் எங்கே எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். ஆஸ்திரேலியாவில் பிறந்த இயற்பியலாளர் கீத் மேத்தர் 1963இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதைப் பற்றி எழுதினார். ஓடும் சக்கரம் ஒரு சிறு மேட்டில் பட்டு எழும்பி, சற்றுத் தள்ளி விழுந்து, விழுந்த இடத்து மண்ணைத் தள்ளி அடுத்த மேட்டை உண்டாக்குகிறது. இப்படியே வரிகள் பெருகுகின்றன. 2007இல் டாபெர்லே, மோரிஸ், மெக்எல்வெய்ன் ஆகிய மூவர் சுழலும் மணல் மேடையில் செய்த சோதனைகளில், ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் இந்த வரிகளை உண்டாக்குகிறது என்பதும், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓடினால் வரிகள் உண்டாவதில்லை என்பதும் தெரிந்தது. எந்த வண்டியும் நடைமுறையில் அவ்வளவு மெதுவாக ஓடாது. ஆகவே கிரேடர் எந்திரம் வந்து சமன்செய்து போன சாலையிலும் வரிகள் மீண்டும் வந்துவிடுகின்றன.

சக்கரம் மண்ணை அதிகம் உதைக்கும் இடங்களில், அதாவது எல்லோரும் பிரேக் பிடிக்கும் வளைவின் முகப்பிலும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் வளைவின் முடிவிலும், ஏற்றங்களிலும் வரிகள் ஆழமாக இருக்கும். பிடிப்பு எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது குறைவாக இருக்கிறது. ஆகவே வளைவைக் கண்டதும், வரிகள் தொடங்குவதற்கு முன்பாகவே, நேரான தளத்தில் வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். வரிகளின் மீது பிரேக் மிதிப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும்.

எந்த வேகத்தில் போவது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரிக்கு வரி 70 செ.மீ. இடைவெளி என்று கொள்வோம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 6 வரிகளைக் கடக்கிறது. மனித உடல் மேல்கீழ் அதிர்வை அதிகம் உணர்வது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான எல்லையில். ஆகவே வயிறு குலுங்கும், ஆனால் வண்டிக்குப் பெரிய கேடு இல்லை. 30 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 12 வரிகள். காரின் சக்கரமும் அதோடு சேர்ந்த பாகங்களும் தாமாக மேலும் கீழும் துள்ளும் இயல்பான வேகம் நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து முறை வரை இருக்கும். சாலையின் தாளமும் சக்கரத்தின் தாளமும் இங்கே ஒன்றாகிவிடுவதால் இதுவே மிக மோசமான வேகம்: டாஷ்போர்டு நடுங்கும், கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாது, ஷாக் அப்சார்பர் கொதிக்கத் தொடங்கும். 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 24. சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்குள் அடுத்த முகடு வந்துவிடுவதால் அது முகடுகளின் மேலேயே தத்திச் செல்கிறது, வண்டிக்குள் சட்டென்று அமைதி வருகிறது.

இந்த அமைதியைத்தான் நான் முன்பே குறிப்பிட்டேன். சக்கரம் பள்ளத்தில் இறங்கவில்லை என்றால், ஒவ்வொரு நொடியிலும் ஒரு பகுதி நேரம் அது தரையைத் தொடவில்லை என்று பொருள். தரையைத் தொடாத டயரால் திரும்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. சத்தத்தை நன்றாக வடிகட்டும் சொகுசு வண்டியில், ஓட்டுநர் இதை உணராமலே 80, 90 என்று ஏற்றிக்கொண்டு போவார். ஒரு மெல்லிய வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதுதான் பின்புறம் நழுவுவது தெரியவரும். அகலமான, நேரான, எதிரே நெடுந்தூரம் தெரிகிற சாலையில் மட்டும் 60க்கும் 70க்கும் இடையில், வண்டி சமாதானமாகும் வேகத்தைத் தேடிப் பிடித்து அங்கேயே இருங்கள். வளைவுகளும் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் உள்ள சாலையில் சொகுசை மறந்துவிட்டு 20க்கு இறங்கிவிடுவதே சரி. இரண்டுக்கும் நடுவே உள்ள 30, 40 வேகத்தில் நீண்ட நேரம் இருக்காதீர்கள்.

நிறுத்தும் தூரத்தைப் பற்றியும் ஒரு மனக்கணக்கு வேண்டும். உலர்ந்த தாரில் கிடைக்கும் பிடிப்பில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் கிராவலில் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு தாரில் சுமார் 31 மீட்டரில் நிற்கும் வண்டி, கிராவலில் நிற்க 50 மீட்டர் ஆகும். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் அதற்குள்ளேயே 33 மீட்டர் கடந்திருக்கும். கங்காரு சாலையில் குதிக்கும்போது 83 மீட்டர் என்பது மிக நீளமான தூரம். 60 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 53 மீட்டராகச் சுருங்குகிறது. அந்தி மயங்கும் நேரத்தில் விலங்குகள் நடமாட்டம் கூடும் என்பதால், பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேரும்படி திட்டமிடுங்கள்.

மின்னணு உதவிகளில் எதை இயங்கவிடுவது, எதை அணைப்பது என்பது அடுத்த கேள்வி. வண்டி நழுவாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்க வேண்டாம். லேன் கீப்பிங் உதவியை அணைத்துவிடுங்கள். கோடே இல்லாத சாலையில் சக்கரத் தடங்களை அது கோடாக நினைத்து ஸ்டீயரிங்கை இழுக்கக்கூடும். வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் குரூஸ் கன்ட்ரோலைத் தொடவே வேண்டாம். ஆஃப்ரோடு அல்லது கிராவல் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அந்த மோடில் சற்றுத் தாமதமாகத் தலையிட்டால், நின்றுபோகும் சக்கரத்தின் முன்னே கல்லும் மண்ணும் குவிந்து வண்டியை நிறுத்த உதவும். சில மாடல்களில் இது அப்படியே அமைக்கப்பட்டிருக்கிறது.

நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் வகையாக இருந்தாலும், இவற்றில் பலவும் அடிப்படையில் முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். தேவைப்படும்போது ஒரு கிளட்ச் வழியே பின்சக்கரத்துக்குச் சக்தி போகிறது. கிராவலில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆழமான மணலில் நெடுநேரம் திணறினால் அந்தக் கிளட்ச் சூடாகித் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ளக்கூடும். மணல் திட்டு தெரிந்தால் வேகத்தைச் சீராக வைத்து, ஸ்டீயரிங்கை அதிகம் திருப்பாமல் கடந்துவிட வேண்டும்.

நீண்ட அலைவரிச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்துங்கள். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய், ஓயாத அசைவால் சூடாகி நீர்த்துப்போகும். அப்போது வண்டி ஒவ்வொரு மேட்டுக்கும் படகைப்போல ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் தெரிந்தவுடன் நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் டயர்களைச் சுற்றிப் பார்த்துக் காற்றையும் அளந்துவிடலாம்.

கல், நீர், சேறு, புழுதி

பிராச்சீனா பள்ளத்தாக்கில் 20 கி.மீ. நீளத்துக்குப் போகும் பாதை பல இடங்களில் ஓடையின் கற்படுகையிலேயே செல்கிறது. இங்கே அலைவரிக் கணக்கு எதுவும் உதவாது. நடக்கிற வேகம் மட்டுமே உதவும். பெரிய கல் ஒன்று நடுவில் இருந்தால், அதை வண்டியின் வயிற்றுக்குக் கீழே விடாமல் சக்கரத்தை மெதுவாக அதன் மேலேயே ஏற்றி இறக்குவது நல்லது. இந்த வண்டிகளின் அடியில் காற்று வழுக்கிச் செல்வதற்காகப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கிளிப்புகளால் மாட்டியிருப்பார்கள். கல்லின் மீது உரசி ஒரு முனை கழன்றுவிட்டால், அடுத்த வேகத்தில் காற்றே அதைக் கிழித்துவிடும். ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை கிளவ் பாக்ஸில் வைத்திருந்தால் அங்கேயே கட்டிக்கொள்ளலாம்.

கிராவலில் ஓடிய பிறகு ஒரு சக்கரத்திலிருந்து காதைப் பிளக்கும் கிறீச்சிடும் சத்தம் வந்தால் பதறாதீர்கள். பட்டாணி அளவுக் கல் ஒன்று பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள மெல்லிய தகட்டுக்கும் நடுவில் சிக்கியிருக்கும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வண்டியை ரிவர்ஸில் சில மீட்டர் எடுத்து, மெல்ல பிரேக் போட்டு, மறுபடி முன்னே எடுத்தால் பெரும்பாலும் கீழே விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, தகட்டைச் சற்று வளைத்து எடுக்கலாம். டிஸ்க் சூடாக இருக்கும், ஆறிய பிறகே கை வையுங்கள்.

ஓடையில் நீர் ஓடினால், உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவுக்கு மேல் இறங்கக் கூடாது. இப்போதைய இவோக்கின் பெட்ரோல், டீசல் வகைகளுக்கு நிறுவனம் 600 மி.மீ. வரை அனுமதிக்கிறது, இந்தப் பிரிவில் மற்ற வண்டிகளிடம் இதை எதிர்பார்க்க வேண்டாம். அடி தெரியாத நீரில் இறங்காமல் திரும்பிவிடுவதே என் பழக்கம்.

மழை வேறு விதமான சிக்கல். முங்கோவுக்குப் போகும் மண் சாலைகள் உலர்ந்திருக்கும்போது சாதாரணக் காருக்கும் இடம் கொடுக்கும். மழை பெய்துவிட்டால் களிமண் டயரின் பள்ளங்களை அடைத்து, நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் நல்ல வண்டியையும் வழுக்க வைக்கும். அப்போது சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் உண்டு. அதைவிட, உங்கள் டயர் தடம் காய்ந்து இறுகி, பின்னால் வரும் எல்லோருக்கும் பல வாரங்கள் குழியாக நிற்கும். புறப்படும் காலையில் பூங்காவின் அறிவிப்பையும் உள்ளூராட்சியின் சாலை நிலவர அறிவிப்பையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள். வொம்பியன் சாலை போன்ற குறுகிய மலைப்பாதையில் இன்னொரு கவனம் தேவை: எதிரே வருபவரைப் பார்க்க முடியாத வளைவுகளில் இடது ஓரத்தை விட்டு நகராமல், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள்ளேயே நிற்கக்கூடிய வேகத்தில் போக வேண்டும்.

புழுதி உள்ளே வராமலிருக்க ஏசியை வெளிக்காற்று நிலையில் வைத்து விசிறியை ஓடவிடுங்கள். உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுவதால் கதவு இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். எதிரே லாரி வரும் அந்த அரை நிமிடம் மட்டும் உட்காற்றுக்கு மாற்றி, பிறகு மறக்காமல் திருப்பிவிடுங்கள். முன்னே போகும் வண்டியின் புழுதி அடங்கும் தூரம் விட்டே பின்தொடர வேண்டும். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். எதிரே வண்டி வந்தால் இடதுபுறம் ஒதுங்கி வேகத்தைக் குறையுங்கள். முன்கண்ணாடியில் கல் எவ்வளவு வேகமாக மோதுகிறது என்பது இரு வண்டிகளின் வேகத்தையும் சேர்த்தது.

திரும்பி வந்த பிறகு

வண்டியை மேலே பளபளப்பாகக் கழுவுவதற்கு முன் சக்கர வளைவுகளுக்குள்ளும் அடியிலும் நீரைப் பாய்ச்சிச் சேற்றை வெளியேற்றுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு டயரின் உட்புறப் பக்கச்சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிப்புறத்தை எல்லோரும் பார்ப்பார்கள்; உட்புறத்தில் ஒரு சிறு வீக்கம் இருந்தால் யாருக்கும் தெரியாது. வீக்கம் என்றால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன, அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். ஷாக் அப்சார்பரின் மேல்பகுதியில் தூசி எண்ணெயில் குழைந்து கருப்பாக ஒட்டியிருந்தால் சீல் கசிகிறது என்று பொருள். தூசி உலர்ந்து பழுப்பாக இருந்தால் கவலையில்லை. வீல் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன முறுக்கத்துக்கு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். டிக்கிக் கதவின் ரப்பர் பட்டையைத் துடைக்கும்போது எங்காவது புழுதிக் கோடு உட்புறம் வரை சென்றிருந்தால், அந்த இடத்தில் ரப்பர் சரியாக உட்காரவில்லை. அடுத்த சர்வீஸில் காட்டுங்கள். எஞ்சினின் ஏர் ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் சர்வீஸ் வரை காத்திருக்காமல் திறந்து பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து, காற்றை நிரப்பிய நாளில் குறித்துவைத்த அளவோடு நான்கு டயர்களையும் மறுபடி அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தால், கல் அடித்து ரிம்மின் உள்விளிம்பு நெளிந்திருக்கவோ, ஒரு சிறு கல் ரப்பருக்குள் இன்னும் பதிந்திருக்கவோ கூடும். நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ, வீல் அலைன்மென்ட் பார்க்கும்போதே முன்பக்க புஷ்களையும் சோதிக்கச் சொல்லுங்கள்.